காட்டைக் கூட்டிய ஞாயிறு

வீட்டைக் கூட்டுவார்கள், வாசலைக் கூட்டுவார்கள், கோயிலைக் கூட்டுவார்கள். காட்டைக் கூட்டிப் பெருக்கியவர்கள், எனக்குத் தெரிந்து, உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான். அதுவும் சும்மா இல்லை. சுண்ணாம்பு அடித்து, கோலம் போட்டு, தோரணம் கட்டி. இன்றைக்கும் யாராவது சுற்றுச்சூழல் என்று வாய் நிறையப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் ஒரு விளக்குமாறுதான் கண்ணில் தெரிகிறது. அதன் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிற என் சித்தப்பா.

இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் நாங்கள். தலைமன்னாரில் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் மணலோடு மணலாகக் காய்ந்து, பிறகு லாரியில் குலுங்கிக் குலுங்கிக் கீழ்க் கோத்தகிரிச் சரிவில் கொண்டுவந்து இறக்கப்பட்டோம். உங்கள் நாட்டுக்கே திரும்பிவிட்டீர்கள் என்றார்கள். அப்பா அதற்கு முன் இந்த மலையைப் பார்த்ததில்லை. அவருடைய அப்பாவும் பார்த்ததில்லை. ஆனாலும் திரும்பிவிட்டோம் என்றே எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் சொல்லிப் பழகினோம். புதுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. தோட்டத்து ஓரத்தில் வரிசையாக வீடுகள். அதை நாங்கள் அங்கத்துப் பழக்கத்தில் லயம் என்றோம். மூடுபனி இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அது மட்டும் எங்களைக் கேள்வி கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

எங்கள் வீட்டில் ஒரு கப்பல் பெட்டி இருந்தது. தகரப் பெட்டி, சுற்றிலும் கயிறு. அப்பாவின் கறுப்புக் கம்பளிக் கோட்டு அதற்குள் இருக்கும். காலையில் கயிற்றை அவிழ்த்துக் கோட்டை எடுப்பார். மாலையில் மடித்து உள்ளே வைத்துத் திரும்பவும் கயிறு கட்டுவார். வீட்டுச் சுவர்களில் ஒரு ஆணிகூடக் கிடையாது.

"செவுத்துல ஒரு ஆணி அடிச்சாத்தான் என்னாங்க?" என்பாள் அம்மா. "எல்லா வூட்லயும் சாமி படமே மாட்டியாச்சு. ஒங்க கோட்டு மட்டும் இன்னும் கப்பல்லதான் இருக்கு."

"பாப்பம்" என்பார் அப்பா. எது கேட்டாலும் அவருக்கு அந்த ஒரு பதில்தான்.

சித்தப்பா நேர் எதிர். எதையும் கேட்பதற்கு முன்பே அவரிடம் பதில் இருக்கும். அங்கே கங்காணிக்குப் பக்கத்தில் நின்று பழகியவர் என்பதால், இங்கே யாரும் நியமிக்காமலே லயத்துக்குத் தலைவராகிவிட்டார். கண்டியில் வாங்கிய வெள்ளைத் துண்டு ஒன்று வைத்திருந்தார். கல்யாணம், திருவிழா, அதிகாரி வருகை தவிர வேறு எதற்கும் அது தோளில் ஏறாது.

இந்த லயத்துக்குள்தான் சருகம்மா வந்து சேர்ந்தார்.

அவருடைய பெயர் பெரிய பெயர். பட்டங்களும் சேர்ந்தால் இன்னும் நீளம். யார் வாயிலும் அது முழுசாக நுழையாததால், பிள்ளைகள் நாங்கள் வைத்த பெயரே நின்றுவிட்டது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு வந்த விஞ்ஞானி. அதெல்லாம் பிறகு தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்தது, முழங்காலுக்குத் தூக்கிச் செருகிய புடவையும், ஆண்கள் போடும் ரப்பர் பூட்சும், கையில் ஒரு சல்லடையும். சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு சருகைக் கிளறுவார். மண்ணை அள்ளி மோந்து பார்ப்பார், அம்மா ரசத்தை மோந்து பார்ப்பதுபோல. எல்லோருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். வழியில் படுத்திருந்த லயத்து நாயிடம் "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். நாயும் தள்ளிக்கொண்டது.

தேயிலைக்கு மருந்தடிக்கிற மேல் மலையில் ஒரு சல்லடை மண் எடுப்பார். கீழே ஓடைச் சோலையில் ஒரு சல்லடை மண் எடுப்பார். இரண்டையும் வெள்ளைத் துணியில் உதறி, எதில் உயிர் ஓடுகிறது, எதில் ஓடவில்லை என்று பார்ப்பார். அதுதான் அவருடைய வேலை.

"இதுக்கா அந்தம்மா சீமைக்குப் போயிப் படிச்சிச்சு?" என்று பெண்கள் பரிதாபப்பட்டார்கள். கல்யாணமும் ஆகவில்லை என்று தெரிந்ததும் பரிதாபம் இரட்டிப்பானது. அம்மா ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் வைத்துக் கொடுத்தனுப்புவாள். சருகம்மா கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தின்றுவிட்டு, "காரம் அற்புதமுங்க" என்று மூக்கை உறிஞ்சுவார்.

ஓடைச் சோலை என்றால் பெரிய காடில்லை. இரண்டு தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே, ஒரு மடிப்பில் ஒதுங்கிய மரங்கள். குட்டை மரங்கள், பாசி தொங்கும் கிளைகள், கீழே ஒரு ஓடை. அட்டைக்குப் பயந்து யாரும் உள்ளே போகமாட்டோம். ஆனால் எங்கள் லயத்துக் குழாயில் வருவது அந்த ஓடைத் தண்ணீர்தான். மழை முடிந்த மாலையில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும். டின் டப்பாவை நகத்தால் சுண்டுகிற மாதிரி, இங்கே ஒரு டிக், அங்கே ஒரு டிக். தவளை என்றார் சருகம்மா. கட்டைவிரல் நகத்தளவுத் தவளையாம். யாரும் நம்பவில்லை.

அந்தச் சோலையை வெட்டித் தேயிலை நடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. சருகம்மா சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு அலைந்தார். ஒரு நாள் குழாயடியில் குடங்களுக்கு நடுவே வந்து நின்றுகொண்டு சொன்னார்:

"சோலை போச்சுன்னா ஓடை போயிருமுங்க. ஓடை போச்சுன்னா இந்தக் கொழாய் வெறுங்கொழாய்ங்க. அப்பறம் கொடத்தத் தூக்கிட்டுக் கீழ்ப் பள்ளத்துக்குத்தான் எறங்கோணும். பெரிய அதிகாரியக் கையோட கூட்டியாறேன். திங்கக்கெழம காலைல இங்க இருப்போம். அவுரு இந்தச் சோலைய நேர்ல பாத்து, இருக்கட்டும்னு சொல்லோணும். அவ்வளவுதானுங்க வேணும்."

சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டார்.

பெரிய அதிகாரி. நேரில் பார்ப்பார். இந்த இரண்டு சொல்லும் சித்தப்பாவின் காதில் விழுந்த கணத்திலேயே காரியம் கைமீறிவிட்டது.

அங்கே, பெரிய துரை பார்வைக்கு வரப்போகிறார் என்றால் லயத்துக்கே காய்ச்சல் வந்துவிடுமாம். சாக்கடையைக் கழுவி, பாதைக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து நிறுத்துவார்களாம். வாசலில் ஒரு சருகு கிடந்தாலும் கங்காணிக்குத் திட்டு விழும்.

"கூரை ஒழுகுதுன்னு தொரைகிட்டச் சொல்லணுமா, மொதல்ல வாசலக் கூட்டி வச்சுட்டுத்தான் சொல்லணும்" என்றார் சித்தப்பா. "குப்பையும் கூளமுமாக் கெடந்தா எந்த அதிகாரி 'இருக்கட்டும்'னு சொல்லுவான்? அந்தம்மா படிச்சவங்க, அவங்களுக்கு இது தெரியாது. நாமதான் செய்யணும்."

யாருக்கும் மறுப்பில்லை. அவ்வளவு நியாயமாக இருந்தது அது. சருகம்மா திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும் என்று பெண்கள் ஆசைப்பட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை லயமே சோலைக்குள் இறங்கியது.

அப்படி ஒரு ஞாயிறு அதற்குப் பிறகு வரவில்லை. காலில் புகையிலையும் உப்பும் தேய்த்துக்கொண்டு, விளக்குமாறும், தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தியுமாக நாங்கள். காலகாலமாக விழுந்து மக்கிய சருகு, கால் வைத்தால் கணுக்கால்வரை மெத்தையாக அமுங்கும். அதை வாரி வாரிக் கொழுந்துக் கூடையில் நிரப்பி, லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் கொட்டினோம். மக்கிய கட்டைகளை இழுத்து வந்து, காலையில் பேர் கொடுக்கப் பிரட்டுக்கு வரிசையில் நிற்கிற ஆட்கள் மாதிரி உயரவாரியாக அடுக்கிவைத்தார் சித்தப்பா. கற்களில் தொங்கிய பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தார்கள். ஓடையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு. நுழைவில் பன்னீர்ப்பூவும் தேயிலைக் கொத்தும் சேர்த்துத் தோரணம். அம்மா கோலம் போட்டாள். யாரோ பாடினார்கள், யாரோ அட்டை கடித்து அலறினார்கள், அலறியதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலம் நின்று பார்த்தபோது சோலை, கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபம் போலப் பளிச்சென்றிருந்தது.

"பாத்துக்க புள்ள" என்றார் சித்தப்பா என்னிடம். "நுவரெலியாவுல தொரை பங்களாத் தோட்டங்கூட இப்பிடி இருந்ததில்ல."

அன்றிரவு மழை கொட்டியது. நாங்கள் நன்றாகத் தூங்கினோம்.

திங்கட்கிழமை காலை ஜீப் வந்தது. முதலில் அதிகாரி இறங்கினார். பருத்த ஆள், வழுவழுப்பான பூட்ஸ், குடை. பின்னால் சருகம்மா. சோலை வாசலில் தோரணத்தைப் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்தது. கோலத்தைத் தாண்டி இரண்டடி வைத்தார். நின்றார். தரையைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். திரும்பவும் தரையைப் பார்த்தார்.

பிறகு மிக மெதுவாக,

"ஏனுங்க," என்றார், "இங்க கெடந்த சருகெல்லாம் எங்கீங்க?"

சித்தப்பா கண்டித் துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். "ஒரு எல இல்லாமக் கூட்டியாச்சுங்கம்மா!"

நான் சருகம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் அதிகாரி பேசினார்.

"நல்லா சுத்தமா வச்சிருக்கீங்கப்பா, சந்தோஷம்" என்றார். சித்தப்பாவின் முகத்தில் விளக்கு எரிந்தது. அதிகாரி அடுத்த வாக்கியத்தில் அதை ஊதி அணைத்தார். "ஆனா டாக்டர், நீங்க சொன்ன மாதிரி இதுல ஒண்ணும் காணோமே? நாலு மரமும் வெறுந்தரையும்தான் இருக்கு. இத வெட்டித் தேயிலை வெச்சா யாருக்கு என்ன நஷ்டம்?"

சொல்லிக்கொண்டே ஓரடி எடுத்து வைத்தார். சருகு இருந்தவரை அந்தச் சரிவில் யாரும் வழுக்கியதில்லை. இப்போது அது நனைந்த சோப்பு. அதிகாரி உட்கார்ந்த வாக்கிலேயே ஓடைவரை போய், சுண்ணாம்பு அடித்த கல்லொன்றைக் கட்டிப்பிடித்து நின்றார். சித்தப்பாவும் அப்பாவும் இறங்கித் தூக்கினார்கள். பின்பக்கம் பூராவும் செம்மண். கணுக்காலில் ஒரு அட்டை வேறு.

லயத்துக்குக் கூட்டிவந்து உட்காரவைத்து, கால் கழுவத் தண்ணீர் கேட்டார்கள். அம்மா செம்பை நீட்டினாள். அதிகாரி சாய்த்தார். காலில் விழுந்தது தண்ணீரே இல்லை. காவி நிறத்தில் கூழ்.

"என்னம்மா இது, நான் கால்ல இருக்கற சேறு போகணும்னு கேட்டா நீங்க இன்னும் கொஞ்சம் குடுக்கறீங்க?"

அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்திருந்தவள். காலையிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் பிடிக்க முடியவில்லை அவளால். அதிகாரி இருக்கிறார் என்பதையும் மறந்து சித்தப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் இந்தத் தம்பி கூட்டுன லச்சணம்! எத்தினி மழை பேஞ்சிருக்கு, ஒரு நாளு இப்பிடிக் கலங்கியிருக்கா? முந்தாநேத்து வரைக்கும் கண்ணாடியாட்டம் வந்த தண்ணி. ஒங்களுக்குத் தொரை பங்களா வேணுமின்னா எங்களுக்குத் தேத்தண்ணி வைக்க வேணாமா?"

அதிகாரி செம்பைப் பார்த்தார். ஓடைப் பக்கம் பார்த்தார். சருகம்மாவைப் பார்த்தார்.

சருகம்மா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்.

"சார்," என்றார், "சருகை எடுத்துட்டா என்ன ஆகுமுன்னு ஒங்களுக்குச் சொல்லத்தானுங்க ஒரு வருஷமாப் பாடுபட்டேன். இவங்க ஒரே நாள்ல செஞ்சே காட்டிட்டாங்க. சருகு போனதுக்கே இந்தக் கலங்கல். மரமும் போச்சுன்னா என்னன்னு நீங்களே சொல்லுங்க."

அதோடு விட்டாரா? "வாரிய சருகு எங்கீங்க?" என்று கேட்டு, மாட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தார். மழையில் ஊறிய சருகு மலைபோல் கிடந்தது. சல்லடையில் ஒரு அள்ளு போட்டுக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். அவருடைய வெள்ளைத் துணி ஜீப்பில் எங்கோ இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரே வெள்ளை, சித்தப்பாவின் தோளில்.

"அந்தத் துண்டக் கொஞ்சம் தர்றீங்களாண்ணா?"

அண்ணா என்று கேட்டபிறகு என்ன செய்வார் மனிதர்? கண்டித் துண்டு தரையில் விரிந்தது. சல்லடையை அதன்மேல் தட்டினார் சருகம்மா. ஒன்றுமில்லை போலிருந்தது. பிறகு வெள்ளை அசைய ஆரம்பித்தது. துள்ளுகிற புள்ளிகள், ரயில் மாதிரி ஓடுகிற மரவட்டை, பச்சையாக மின்னுகிற வண்டு, கண்ணாடிப் புழு. கடைசியாக, கட்டைவிரல் நகத்தளவில், தேயிலைத்தூள் நிறத்தில், எங்களை முறைத்துப் பார்த்துக்கொண்டு ஒரு தவளை. அது ஒரு தாவு தாவி அதிகாரியின் பூட்சில் உட்கார்ந்தது. பிள்ளைகள் நாங்கள் போட்ட கூச்சலில் மாடு மிரண்டது. அதிகாரியும் சிரித்துவிட்டார். சித்தப்பா மட்டும் வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார், துண்டின்மேல் என்ன நடக்கிறது என்று பார்க்க மனம் இல்லாமல்.

ஜீப் ஏறும்போது அதிகாரி சொன்னார். "இருக்கட்டும்."

அந்தச் சொல்லுக்காகத்தான் எல்லாமே. ஆனால் ஜீப் வளைவு திரும்பியதும் சருகம்மா எங்கள் பக்கம் திரும்பி, "இனி அதையெல்லாம் எடுத்த எடத்துலயே கொண்டு போய்ப் போட்டுரலாமுங்களா?" என்றார்.

அடுத்த ஞாயிறு கூட்டம் திரும்பவும் சோலைக்கு நடந்தது. இந்த முறை நிரம்பிய கூடையோடு. கூட்டின காட்டில் குப்பை கொட்டப் போகிறோம் என்று ஊரே சிரித்தது. எனக்கு ஒரு கவலை இருந்தது. "எந்த எல எந்த மரத்தோடதுன்னு எப்பிடித் தெரியும்?" என்று சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் ஏற்கெனவே துண்டுக் கவலையில் இருந்தார். "ஆங், எலைக்கெல்லாம் பாஸ்போர்ட்டு குடுத்திருக்கு, பாத்துப் பாத்துப் போடு" என்றார்.

அப்பா தன் கூடையைக் கவிழ்த்துவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்திருந்தார். சருகைக் கையால் பரப்பினார், தடவிக்கொடுத்தார். அதிகம் பேசாதவர் அன்று தானாகப் பேசினார்.

"ஏங்கம்மா, ஒருக்கா வாரி எடுத்தத மறுபடி கொண்டாந்து கொட்டுனா, அது மண்ணோட சேருமா?"

சருகம்மா பூட்ஸ் நுனியால் சருகைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"தெரியலீங்க" என்றார். "நானும் பாத்ததில்லீங்க. மழ பெய்யட்டும். உள்ள தவளச் சத்தம் கேட்டுச்சுன்னா, சேந்துக்கிச்சுன்னு வெச்சுக்கலாமுங்க."

அந்த வருஷம் முடிவதற்குள் சருகம்மா வேறு மலைக்குப் போய்விட்டார். பிறகு பத்திரிகைகளில் எழுதினார், புத்தகங்கள் எழுதினார். மண்ணுக்கு உயிருண்டு என்று தமிழில் முதன்முதலாக உட்காரவைத்துச் சொன்னவர் அவர் என்கிறார்கள். இப்போது அவர் இல்லை. அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு இளம்பிள்ளைகள் கேமராவும் கையுமாக எங்கள் ஓடைச் சோலைக்கு வருகிறார்கள், சருகை மிதிக்காமல் நடக்கிறார்கள். எங்கள் சோலையைப் பற்றி அவருடைய புத்தகத்தில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. அட்டை வருகிறது, தவளை வருகிறது, அம்மாவின் சம்பல்கூட வருகிறது. நாங்கள் கூட்டியது மட்டும் எங்கும் இல்லை. எத்தனையோ கூட்டங்களில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கலாம். சொல்லவில்லை அந்த அம்மாள்.

அப்பா அந்த மழைக்காலம் முழுக்க வேலை முடிந்ததும் சோலைக்குப் போய்வந்தார். குனிந்து ஒரு பிடி சருகைத் தூக்கிப் பார்ப்பார், அடியில் ஈரம் பிடித்திருக்கிறதா என்று மோந்து பார்ப்பார், காது கொடுத்து நிற்பார். சில நாள் நானும் கூடப் போனேன். ஒன்றும் கேட்காது. ஓடை மட்டும் பேசும். அப்பாவுக்குத் தவளை என்றால் இவ்வளவு பிரியமா என்று எனக்கு ஆச்சரியம். பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாலை, மழை விட்டுச் சாரல் தூறிக்கொண்டிருந்தது. அம்மா தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் தெளிந்து நாளாகியிருந்தது. அன்று நான் கூடப் போகவில்லை. சோலைப் பக்கமிருந்து அப்பா வேகமாக ஏறி வந்தார். தலை, மீசை, கோட்டு எல்லாம் நனைந்து சொட்டியது. பெட்டிப் பக்கமே போகவில்லை. கொல்லைப்புறம் போய் எங்கிருந்தோ ஒரு ஆணியைத் தேடி எடுத்தார். அம்மியிலிருந்து குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், தடால் தடாலென்று அந்த ஆணியை அடித்தார். அடித்துக் கோட்டை மாட்டினார்.

அம்மா அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். குழவியை எடுத்ததற்குத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நனைந்த துணியை யார்தான் பெட்டியில் வைப்பார்கள், அதனால்தான் மாட்டியிருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.